வெள்ளைப் பெட்டியில் கறுத்த தவளைகள்

யாரினா ஸ்தெல்மாக்குக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. தன்மேல் துளிகூடப் பிரியம் இல்லாத சாட்சியாக இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

அணுஉலை வெடித்த பிறகு ஆட்களை வெளியேற்றி அடைத்த செர்னோபில் மண்டலத்துக்குள் இருக்கும் குட்டைகளில் கத்துகிற மரத்தவளைகள் கறுத்திருக்கின்றன. மண்டலத்துக்கு வெளியே அறுபது கிலோமீட்டர் தள்ளி இருப்பவை வெள்ளரிப் பிஞ்சு மாதிரிப் பச்சையாக இருக்கின்றன. இதை அவள் நான்கு வசந்த காலமாகப் பார்த்து, இருநூறு தவளைகளைப் படம் எடுத்து, ஓர் அறிக்கை எழுதி, அறிக்கைகளைச் சரிபார்க்கும் ஆய்வுக் குழுவுக்கு அனுப்பியிருந்தாள். இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது. அந்தக் கறுப்பு, தவளை வளர்ந்த தண்ணீரால் வந்ததா, பெற்றோரிடமிருந்து வந்ததா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தவளையைப் பிடித்ததும் நீங்கள், படம் எடுத்ததும் நீங்கள், கறுப்பை அளந்ததும் நீங்கள். முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டுங்கள். எந்த முட்டை எந்தக் குட்டையுடையது என்ற ரகசியம் வேறொருவர் கையில் இருக்கட்டும்.

யாரினாவுக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்விதான். தன் தவளைகள் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும் என்று அவள் நம்பினாள். ஆனால் அந்த வேறொருவர் யார்? அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அவள் வீட்டுப் பீட்ரூட் சூப்பைக் குடித்தவர்கள். அவர்களில் யாரை வைத்தாலும் வேண்டியவர் என்று நாளைக்குச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு லுக்கியானுக்குத் தொலைபேசி போட்டாள். பதினோரு வருஷம் அவள் புருஷனாக இருந்தவன். பிரிந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர்கள் போட்ட சண்டை நிறுவனத்தின் மூன்று மாடிக்கும் தெரியும்.

"என்ன விஷயம்? உன் பனிச்சறுக்குக் கட்டை இன்னும் என் பரண்லதான் கெடக்கு. அதுக்கா?" என்றான் லுக்கியான்.

"அதை நீயே வெச்சுக்க. எனக்கு உன் விரோதம் வேணும்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. லுக்கியான் லிவீவ் நகரத்து அருங்காட்சியகத்தில் புதைபடிவ ஆய்வாளன். தண்ணீரை விட்டு முதன்முதலில் கரையேறிய நாலுகால் உயிர்களின் எலும்புகள்தான் அவன் பிழைப்பு. அவன் கணக்கில் ஒரு லட்சம் வருஷம் என்பது தும்மல் போடும் நேரம். யாரினாவின் தவளை ஆராய்ச்சியைப் பற்றிக் கீவ் கூட்டம் ஒன்றில், நாலு கறுப்புத் தவளையைப் பார்த்துவிட்டுக் கட்டிய கோட்டை என்று மேடையிலேயே சொன்னவன்.

"நான் இப்பவும் அதையேதான் சொல்றேன்," என்றான். "கரைக்கு வந்த ஜீவனுக்கு ஒழுங்கா விரல் அமையறதுக்கே லட்சக்கணக்குல வருஷம் ஆச்சு. உன் தவளைக்கு முப்பது வருஷம் போதுமாக்கும்?"

"விரல் புதுசா வரணும் லுக்கியான். கறுப்பு புதுசா வர வேண்டாம். எண்பத்தாறுலயே அந்தக் குட்டைங்கள்ல பச்சையும் இருந்துச்சு, கறுப்பும் கொஞ்சம் இருந்துச்சு. உலை வெடிச்சதும் பச்சைங்க ஏராளமா செத்துது. கதிரத் தாங்குற கருநிறமி தோல்ல அதிகமா இருந்ததுங்க தாக்குப்பிடிச்சுது, குஞ்சு பொரிச்சுது. எந்தத் தவளையும் மாறல. மிஞ்சினது எதுங்கிறதுதான் மாறிச்சு. மூணு வருஷத்துக்கு ஒரு தலைமுறைன்னு வெச்சாலும் இதுவரைக்கும் பத்துத் தலைமுறை."

"சரி, அதே மணல்ல பல்லி ஓடுது. அது ஏன் கறுக்கல?"

"அதுக்குச் செதில் இருக்கு. முட்டைக்கு மேல தோல் மாதிரி ஓடு இருக்கு. தண்ணிய ஒரேயடியா உதறிட்டு வந்த ஜாதி அது. தவளை இன்னும் ஒரு கால தண்ணியிலயே வெச்சிருக்கு. ஓடில்லாத முட்டை, மூடாத தோலு. தோலாலதான் குடிக்குது, பாதி மூச்சும் தோலாலதான். வெளிய இருக்கிற நஞ்செல்லாம் நேரா உள்ள போகும். இதெல்லாம் எனக்குப் பாடம் நடத்தினதே நீதானே."

"உன் கட்சி தோத்தா நானே கட்டுரை எழுதிப் போடுவேன்," என்றான் லுக்கியான்.

"எழுது. அதனாலதான் உன்னைக் கூப்பிடுறேன்."

"ஆனா மண்டலத்துக்குள்ள நான் வர மாட்டேன்."

அது அவளுக்குத் தெரியாததில்லை. கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவன் ஒருமுறைகூட மண்டலத்துக்குள் கால் வைத்ததில்லை. அவள் வேலை முடிந்து வந்தால் உடுப்பை வாசலிலேயே கழற்றச் சொல்வான். உலைக்குப் பக்கத்து ஊரான ப்ரிப்யாத்தில் பிறந்து, உலை வெடித்தபோது எட்டு வயதில் பேருந்து ஏற்றி அனுப்பப்பட்டவள் அவள். கீவில் புதுப் பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்கார எந்தப் பிள்ளையும் சம்மதிக்கவில்லை. வாசலில் நின்று உடுப்பைக் கழற்றும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் காலி இருக்கை ஞாபகம் வரும். அவர்கள் பிரிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதுதான் பெரிது.

மே மாதம் இரண்டாவது வாரம் முட்டைகள் கிடைத்தன. மண்டலத்துக்குள் எட்டுக் குட்டைகளிலிருந்து எட்டுத் திரள், வெளியே எட்டுக் குட்டைகளிலிருந்து எட்டுத் திரள், ஒவ்வொன்றும் தனிக் குப்பியில். மண்டலத்து உயிர் எதையும் வெளியே கொண்டுபோக அனுமதி கிடையாது. ஆகவே எல்லாமே செர்னோபில் ஊரில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில்தான் வளர வேண்டும். லுக்கியானோ உள்ளே வர மாட்டேன் என்கிறான். கடைசியில் திதியாத்கி சோதனைச் சாவடியில், தடுப்புக் கம்பத்துக்கு நேர் கீழே ஒரு மேசையைப் போட்டார்கள். இரண்டு கால் உள்ளே, இரண்டு கால் வெளியே. லுக்கியான் வெளிப்பக்கம் நின்றான். உள்பக்கம் நின்றவர் சகார், கதிர்வீச்சு அளக்கும் வேலையும் வண்டி ஓட்டும் வேலையும் சேர்த்துப் பார்ப்பவர், அறுபதை நெருங்குகிற ஆள். யாரினா இருநூறடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பைன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

லுக்கியான் பதினாறு குப்பிகளின் பழைய சீட்டுகளையும் கிழித்து, குலுக்கி, ஒன்றிலிருந்து பதினாறு வரை எண் ஒட்டினான். அவன் ஒட்டி முடிக்கும்வரை சகாரையும் திரும்பி நிற்கச் சொன்னான். எந்த எண் எந்தக் குட்டை என்பதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, உறையின் மேல் கையெழுத்துப் போட்டுத் தன் பையில் வைத்தான்.

சாவடிக் காவலன் சகாரின் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். பின்னால் பன்னிரண்டு பால் கேன்கள்.

"என்ன மாமா, பாலா?"

"தண்ணி."

"உள்ளயிருந்து வெளிய எதையோ கடத்துறவனப் பாத்திருக்கேன். தண்ணிய வெளியயிருந்து உள்ள கடத்துறது நீதான் முதல் ஆளு."

"தவளைக்குப் பாட்டில் தண்ணிதான் வேணுமாம். மரியாதையான தவளைங்க," என்றார் சகார்.

இதுதான் சோதனை. எல்லாக் குஞ்சுகளும் ஒரே சுத்தமான தண்ணீரில், ஒரே மாதிரி வெள்ளைப் பெட்டியில் வளரும். மரத்தவளை சுற்றுப்புறத்துக்கு ஏற்பக் கொஞ்சம் நிறம் மாறக்கூடியது. அதனால்தான் வெள்ளைப் பெட்டி. கறுப்பு இடத்தால் வந்தது என்றால் எல்லாமே பச்சையாகத்தான் வளர வேண்டும். பெற்றோரிடமிருந்து வந்தது என்றால் மண்டலத்துக் குஞ்சுகள் அங்கேயும் கறுக்கும்.

யாரினா ஒரு கட்டளை போட்டாள். பெட்டிகள் இருக்கும் அறைக்குள் கதிர்வீச்சை அளக்கும் கதிர்மானி நுழையவே கூடாது. முட்டையைச் சுற்றியிருக்கும் ஜவ்வைக் கழுவியிருந்தாலும் எந்தப் பெட்டி மண்டலத்துடையது என்று கருவி காட்டிக் கொடுத்துவிடலாம்.

"கதிர்மானி இல்லாம நான் ஒரு ரூமுக்குள்ள போனதே கெடையாது, மிகோலாயிவ்னா," என்றார் சகார். அவளுடைய அப்பா பெயரைச் சொல்லித்தான் அவர் அவளைக் கூப்பிடுவார். "கோமணம் இல்லாம நிக்கிற மாதிரி இருக்கு."

"பழகிடும் மாமா."

ஜூன் மாதம் தலைப்பிரட்டைகள் நன்றாக வளர்ந்தன. கீரையை வேகவைத்து மசித்துப் போட்டால் பத்து நிமிஷத்தில் காலி. யாரினா தினமும் அவற்றை எண்ணினாள். எது மண்டலத்துடையது என்று ஊகிக்க அவள் முயலவே இல்லை. அது அவளுக்குச் சிரமமாகவும் இல்லை. எப்படியும் ஆகஸ்டில் தெரியத்தானே போகிறது.

ஜூன் கடைசியில் அவள் இரண்டு நாள் கீவ் போக வேண்டியிருந்தது. அன்று ப்ரிப்யாத்தில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் தைராய்டுச் சோதனை. ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் வா என்று வழக்கம்போல் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது சகார் ஆய்வுக்கூட வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும், மிகோலாயிவ்னா."

"சொல்லுங்க."

"வெயிலுக்குத் தண்ணி வத்திப் போச்சு. நாலு பெட்டிக்கு நெரப்பினேன். நெரப்பின பெறகுதான் கேனப் பார்த்தேன். அது நம்ம கேன் இல்ல. நத்தை ஆராய்ச்சிக்காரங்க ஆழ ஏரியிலயிருந்து கொண்டாந்து வெச்ச கேன். ரெண்டும் ஒரே மாதிரி பால் கேனு."

மண்டலத்து ஏரித் தண்ணீர். யாரினா படியில் உட்கார்ந்தாள்.

"எந்தெந்தப் பெட்டி?"

"மூணு, ஏழு, எட்டு, பன்னெண்டு."

சகார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒரு செம்புதான் ஊத்தினேன். பெட்டியில இருபது லிட்டர் இருக்கு. இதெல்லாம் ஒரு கணக்கா? எனக்கும் உங்களுக்கும் தவிர யாருக்குத் தெரியும்?"

"நீங்க ஏன் எங்கிட்ட சொன்னீங்க?"

"மனசு கேக்கல."

"எனக்கும் கேக்காது மாமா." அவள் எழுந்தாள். "நாலையும் பக்கத்து ரூமுக்கு மாத்துவோம். வளரட்டும். கணக்குல வராது."

அன்று மதியமே லுக்கியானைக் கூப்பிட்டுச் சொன்னாள். எண்களைக் கேட்டதும் மறுமுனையில் சத்தமே இல்லை. உறை ஒட்டியிருந்தாலும் அதில் என்ன எழுதினான் என்பது அவனுக்கு மனப்பாடம். அந்த மௌனத்தில் ஏதோ இருந்தது.

"யாரினா," என்று ஆரம்பித்தான்.

"பேசாத. மூச்சு கூட விடாத. நீ மூச்சு விடுற தினுசுலயே எனக்குத் தெரிஞ்சு போயிடும், பதினோரு வருஷம் கேட்டவ நான். நாலு பெட்டி போச்சு, அதைக் குறிச்சுக்க. வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். போன நாலு பெட்டியில் எத்தனை மண்டலத்துடையது என்று நினைக்காமல் இருப்பது அதற்குப் பிறகு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் முழுக்கக் கஷ்டப்பட்டாள். மறுநாள் பன்னிரண்டு போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள். சகாரிடம் அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் பால் கேன்களுக்கெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடிக்கச் சொன்னாள். அவர் வண்டியின் கதவுக்கும் சேர்த்து அடித்துவிட்டு வந்தார்.

ஜூலையில் பின்னங்கால் வந்தது, முன்னங்கால் வந்தது, வால் கரைந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்குக் குட்டித்தவளைகள் பெட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தன. லுக்கியானின் முன்னோர்கள் லட்சக்கணக்கான வருஷம் எடுத்துச் செய்ததை இவை மூன்று வாரத்தில் செய்து முடித்தன என்று அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். உன் முன்னோர்களும் அவர்கள்தான் என்று பதில் வந்தது.

ஆகஸ்டில் நிறம் தெளிந்தது. சில பெட்டிகளில் பச்சை. சில பெட்டிகளில், வெள்ளைச் சுவரின் மேல் மை தெளித்தது மாதிரி, முதுகு முழுக்கக் கறுப்பு. சகார் ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லதா, கெட்டதா?" என்று கேட்பார்.

"இன்னும் தெரியாது."

"நீங்க மட்டும் எப்படித் தூங்குறீங்க?"

"நான் பார்த்ததைத்தானே எழுதியிருக்கேன். பார்த்தது பொய்யாகாது. காரணம் வேணா வேறயா இருக்கலாம். அப்படின்னா அதையும் தெரிஞ்சுக்கலாம்."

ஒவ்வொரு குட்டித்தவளையையும் நிறத்தை ஒப்பிட ஒரு சாம்பல் நிற அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள். முதுகின் கறுப்பைக் கணினி அளந்தது. அளவுகளை எல்லாம் பட்டியல் போட்டு ஆய்வுக் குழுவுக்கும் லுக்கியானுக்கும் ஒரே சமயத்தில் அனுப்பினாள். இனி அவளே நினைத்தாலும் ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியாது. உறையை இனிப் பிரிக்கலாம், குழுவுக்கு ஒரு படி அனுப்பிவிடு என்று லுக்கியானுக்கு எழுதினாள்.

நேரில் வருகிறேன் என்று அவன் பதில் எழுதினான். எங்கே என்று கேட்டாள். உள்ளே என்றான்.

அந்தப் புதன்கிழமை காலை அவன் திதியாத்கியில் வந்து இறங்கிய கோலத்தைக் காவலன் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தான். புத்தம்புது ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை கையுறை, வாயையும் மூக்கையும் மூடிய முகமூடி. மேசையை மறுபடி போடட்டுமா என்று காவலன் கேட்டான். லுக்கியான் கம்பத்துக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தான். யாரினா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆனால் அவன் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு தானாகவே போய்விட்டது.

"வரணும்னு அவசியமில்லையே," என்றாள்.

"வண்டிக் கதவைத் திற. நான் மனசு மாறிடுவேன்."

சகார் கதிர்மானியை அவன் கையில் கொடுத்தார். "ஐயா இதைப் பாத்துக்கிட்டே வாங்க. பேசினா கத்தாதீங்க. அது பேசத்தான் செய்யும்."

செர்னோபில் ஊர் வரைக்கும் அது ஒன்றும் பேசவில்லை. கீவில் அவன் தங்கியிருந்த விடுதியின் கிரானைட் படிக்கட்டில் இதைவிட அதிகம் காட்டியிருக்கும், அந்தக் கல்லுக்கே இயல்பாகக் கதிர் உண்டு என்று சகார் சொன்னபோது, அவன் முகமூடியைக் கழற்றிப் பையில் வைத்தான்.

ஆய்வுக்கூடத்தில் உறையைப் பிரித்தார்கள். யாரினா பெட்டி எண்ணையும் நிறத்தையும் வாசிக்க, லுக்கியான் இடத்தை வாசிப்பது என்று ஏற்பாடு.

"ஒண்ணு. பச்சை."

"வெளி."

"ரெண்டு. கறுப்பு."

"மண்டலம்."

"நாலு. பச்சை."

"வெளி."

இப்படியே போனது. ஐந்து, ஆறு பச்சை, வெளி. ஒன்பது கறுப்பு, மண்டலம். பத்து பச்சை, வெளி. பதினொன்று கறுப்பு, மண்டலம். பதின்மூன்று பச்சை, வெளி. சகார் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"பதினாலு. பச்சை."

லுக்கியான் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினான். "மண்டலம்."

சகாரின் கை அப்படியே நின்றது. யாரினா அந்த வரியின் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போனாள். பதினைந்து பச்சை, வெளி. பதினாறு கறுப்பு, மண்டலம்.

மண்டலத்திலிருந்து வந்து மிஞ்சிய ஐந்து பெட்டிகளில் நாலு கறுப்பு. வெளியிலிருந்து வந்த ஏழும் பச்சை. சுத்தமான தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த தவளைகள் இவை.

"போன நாலுல மூணு மண்டலம்," என்றான் லுக்கியான். "மூணு, ஏழு, பன்னெண்டு. அன்னிக்கு நீ எண்களைச் சொன்னப்ப எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு. உன் எட்டுல மூணை நீயே தூக்கிப் போட்டுட்டியேன்னு. பக்கத்து ரூம்ல இருக்கே, அதுங்க என்ன நிறம்?"

"கணக்குல வராது."

"நிறத்தைத்தானே கேட்டேன்."

"கணக்குல வராததுக்கு நிறமும் கிடையாது."

அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். "இந்தப் பதினாலு?"

"எழுதுவேன். மண்டலத்துப் பெட்டி ஒண்ணு பச்சையாவே வளந்துச்சுன்னு எழுதுவேன். ஏன்னு தெரியலன்னும் எழுதுவேன். எல்லாப் பச்சையும் செத்துப் போச்சுன்னு நான் எங்க சொன்னேன்? அந்தக் குட்டையில சிலது பிழைச்சிருக்கலாம். அஞ்சும் கறுப்பா வந்திருந்தா நீயே சந்தேகப்பட்டிருப்பே."

"பட்டிருப்பேன்," என்று ஒப்புக்கொண்டான்.

பதிவேட்டில் அவன் தன் கையாலேயே முடிவை எழுதினான். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு, "நான் எலும்பைத்தான் பார்க்கிறேன். எலும்புல பத்துத் தலைமுறை ஒரு கீறலா கூடத் தெரியாது," என்றான். "இப்படி எத்தனை தடவை நடந்திருக்கும், எனக்குத் தெரியாமலே."

யாரினா எதிர்பார்த்த முடிவுதான் வந்திருந்தது. ஆனாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. கீவ் பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்து ஒதுங்கிய பிள்ளைகளும் சரி, இரண்டு தலைத் தவளை உண்டா என்று கேட்டுக்கொண்டு வரும் பத்திரிகைக்காரர்களும் சரி, மண்டலத்தில் கெட்டுப்போனது மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். அவள் கையில் இருப்பவை பிழைத்தவற்றின் பிள்ளைகள்.

சகார் கறுப்பு ரொட்டியும், உப்புப் போட்ட பன்றிக்கொழுப்பும், வெங்காயமும் வெட்டி வைத்தார். மூவரும் நின்றபடியே சாப்பிட்டார்கள்.

மதியம் மண்டலத்துக் குட்டித்தவளைகளை அவற்றின் குட்டைகளில் கொண்டுபோய் விட்டார்கள். கடைசிக் குட்டை சாலையிலிருந்து நாணலுக்குள் நூறடி. அங்கே கதிர்மானி விடாமல் பேசியது. யாரினா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாணலுக்குள் போனாள். லுக்கியான் வண்டியில் இருப்பான் என்றுதான் நினைத்தாள். பின்னால் சேற்றில் பொதக் பொதக்கென்று சத்தம் கேட்டது.

"எங்க விடணும்?" என்றான். பூட்ஸ் முழங்கால் வரை சேறு.

"அந்தத் தண்டுமேல. கையுறையைக் கழட்டிட்டு எடு. ரப்பர் அதுங்க தோலுக்கு ஆகாது."

அவன் கையுறையைக் கழற்றினான். முப்பத்தாறு கோடி வருஷத்து எலும்புகளைத் தூரிகையால் தொடுகிற கை அது. ஈரமான கறுத்த குட்டித்தவளை அந்த விரலில் நாலு காலையும் ஊன்றி உட்கார்ந்தது. பிறகு நாணலுக்குத் தாவியது. ஒவ்வொன்றாக இருபத்து மூன்றையும் அவனே விட்டான். யாரினா பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாலையில் சாவடியில் கதிர்வீச்சு பார்க்கும் சட்டகத்தில் மூவரும் ஏறி நின்றார்கள். யாரினாவுக்குப் பச்சை விளக்கு, சகாருக்குப் பச்சை விளக்கு. லுக்கியானுக்குச் சிவப்பு. பூட்ஸில் ஒட்டிய சேறு. இரண்டு முறை கழுவியும் விளக்கு மாறவில்லை. காவலன் பூட்ஸைப் பிடுங்கிக் குப்பைப் பீப்பாயில் போட்டான். லுக்கியான் சகாரின் பழைய வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு லிவீவ் ரயிலைப் பிடிக்கப் போனான். செருப்பு இரண்டு அளவு பெரியது.

அறிக்கை ஆய்வுக் குழுவுக்குப் போய், அக்டோபரில் பதில் வந்தது. முடிவை ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் பெட்டிகளின் எண்ணிக்கை குறைவு. அடுத்த வசந்தத்தில் நாற்பது பெட்டிகளோடு மறுபடி செய்யுங்கள், பதினாலாம் பெட்டியின் குட்டையிலிருந்து தனியாக எட்டு முட்டைத் திரள் எடுங்கள் என்று இருந்தது. யாரினா அதை இரண்டு முறை படித்தாள். அவளே கேட்டிருந்தால் இதைத்தான் கேட்டிருப்பாள். வரைபடத்தை மேசையில் விரித்து, சகாரை உள்ளே கூப்பிட்டாள்.

"மாமா, இன்னும் எத்தனை பால் கேன் கிடைக்கும்?"